அச்சில்லாத அச்சு: உலோகத் தூளிலிருந்து விமான எஞ்சின் உறுப்புகள்



மொழிக்கென அமைந்த மேடையில் விமான எஞ்சினைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். பொருந்தாத தலைப்பென்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால், நமது தீவின் கிழக்கே லோயாங்கில் விமான எஞ்சின் உறுப்புகளைச் செப்பனிடும் பட்டறைகள் இருக்கின்றன. அத்தகைய பட்டறையில் பணியாற்றும் தமிழ் இளைஞர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். "அங்கே என்னப்பா வேலை செய்கிறாய்?" என்று வீட்டில் பாட்டி கேட்கிறார். "ஏதோ மெஷின் வேலை பாட்டி" என்று அவர் முடித்துக்கொள்வாரா, செய்வதைத் தமிழில் விளக்குவாரா? நம் உரையின் அடிப்படைக் கேள்வி இதுவே.

முதலில் செய்முறையைப் பார்ப்போம். ஒரு பொருளை உருவாக்க மனிதர் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் வழிகளுள் இரண்டை நாம் நன்கறிவோம். மாமல்லபுரத்துச் சிற்பி பாறையில் வேண்டாத பகுதியைச் செதுக்கி நீக்கினார், எஞ்சியது சிற்பமாயிற்று. இது நீக்கி உருவாக்கும் வழி. சுவாமிமலைச் சிற்பி மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார். இது வார்க்கும் வழி. விமான எஞ்சின்களின் சுழலித் தகடுகள் பலவும் இன்றும் மெழுகுருவை அடிப்படையாகக் கொண்ட வார்ப்பு முறையிலேயே செய்யப்படுகின்றன. சுவாமிமலைப் பட்டறைக்கும் எஞ்சின் தொழிற்சாலைக்கும் அடிப்படை நுட்பம் ஒன்றே.

நாம் இன்று பேசும் மூன்றாவது வழியில் செதுக்கலும் இல்லை, வார்ப்பும் இல்லை. கணினியில் வரைந்த உருவத்தை மென்பொருள் மிக மெல்லிய கிடைமட்டத் துண்டுகளாகப் பிரிக்கிறது. இயந்திரத்தின் மூடிய அறைக்குள் ஆர்கான் போன்ற மந்த வாயு நிரப்பப்படுகிறது. மாவைப் போன்ற உலோகத் தூள் ஒரு தட்டின்மீது சீராகப் பரப்பப்படுகிறது. முதல் துண்டின் வடிவம் எதுவோ, அதன்மேல் லேசர் கதிர் ஓடுகிறது. கதிர் பட்ட இடத்தில் தூள் உருகி, உடனே உறைகிறது. தட்டு சற்றே கீழிறங்க, அடுத்த படலத் தூள் பரவுகிறது. கதிர் மீண்டும் ஓடுகிறது. ஒரு படலத்தின் தடிப்பு 40 மைக்ரோமீட்டர் என்று கொண்டால், ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு 250 படலங்கள் வேண்டும். கறையான் புற்று எழும்புவதுபோலப் பொருள் கீழிருந்து மேலாக வளர்கிறது. இறுதியில் உருகாத தூளை அகற்றினால் உள்ளே உறுப்பு நிற்கும்.

இவ்வளவு பொறுமையாகச் செய்யவேண்டிய தேவை என்ன? லீப் என்னும் எஞ்சினின் எரிபொருள் தெளிப்பான் இதற்கு நல்ல விடை. ஏர்பஸ் ஏ320நியோ, போயிங் 737 மேக்ஸ் ஆகிய விமானங்களில் பொருத்தப்படும் இந்த எஞ்சினை, அமெரிக்காவின் ஜி.இ. நிறுவனமும் பிரான்சின் சஃப்ரான் நிறுவனமும் இணைந்து உருவாக்கின. எரிபொருள் நன்றாக எரிய வேண்டுமானால், தெளிப்பானின் முனைக்குள் மிக நுணுக்கமான வளைந்த பாதைகள் அமைய வேண்டும். அவற்றைத் துளைக்கருவியால் குடைய இயலாது, வார்ப்பதும் எளிதன்று. பழைய முறையில் செய்வதானால் ஏறத்தாழ 20 துண்டுகளைத் தனித்தனியே செய்து பற்றவைத்து இணைக்க வேண்டும். ஒவ்வோர் இணைப்பும் பிற்காலத்தில் விரிசல் தோன்றக்கூடிய இடம்.

உலோகத்தை அடுக்கும் முறையில் அந்த 20 துண்டுகளும் ஒன்றாயின. கோபால்ட்-குரோமியக் கலவையால் ஆன புதிய முனை, முந்தையதைவிட 25 விழுக்காடு எடை குறைந்தது என்றும், ஐந்து மடங்கு உழைக்கக்கூடியது என்றும் ஜி.இ. கூறுகிறது. இந்நுட்பத்தில் தேர்ந்த மோரிஸ் டெக்னாலஜிஸ் என்னும் நிறுவனத்தை அது 2012இல் வாங்கியது. பின்னர் அலபாமா மாநிலத்தின் ஆபர்ன் நகரில் பேரளவு உற்பத்தி தொடங்கியது. லீப் எஞ்சின் 2016இல் பயணிகள் சேவைக்கு வந்தது. 2021க்குள் ஆபர்னில் உருவான தெளிப்பான் முனைகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தை எட்டியது.

இந்த வெற்றிக்கு மறுபக்கமும் உண்டு. வார்ப்பில் உலோகத்தை ஒரு முறை ஊற்றுகிறோம். இங்கே உலோகம் ஆயிரக்கணக்கான முறை உருகி உறைகிறது. லேசரின் ஆற்றல் குறைந்தால் தூள் முழுமையாக உருகாமல் இடைவெளி விழும். மிகுந்தால் நுண்துளைகள் தோன்றும். விரைந்து சூடேறி விரைந்து ஆறுவதால் உலோகத்துக்குள் தகைவு தங்கிவிடும். உறுப்பு கோணிப்போகவும் கூடும். ஒரு கம்பியை மாறி மாறி வளைத்தால் அது ஒடிவதை நாம் கண்டிருக்கிறோம். எஞ்சின் உறுப்புகளும் பறக்குந்தோறும் அத்தகைய ஏற்ற இறக்கத்துக்கு ஆளாகின்றன. கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்துளையிலிருந்து விரிசல் புறப்படலாம்.

ஆகையால், இயந்திரத்திலிருந்து வெளிவந்த உறுப்பு நேரே விமானத்துக்குப் போவதில்லை. தகைவைத் தணிக்க அது சூளையில் சூடேற்றப்படுகிறது. தேவையான உறுப்புகளை உயர் வெப்பத்தில் எல்லாப் பக்கமும் வாயு அழுத்தத்தால் நெருக்கி, உட்துளைகளை மூடுகிறார்கள். உட்புறத்தை எக்ஸ்-கதிர் வருடியால் ஆராய்கிறார்கள். தூளின் தரம், கதிரின் ஆற்றல், படலத்தின் தடிப்பு ஆகிய அனைத்தையும் வரையறுத்துப் பதிவு செய்கிறார்கள். பொருளோடு, அதைச் செய்யும் முறையும் நம்பத்தக்கது என மெய்ப்பிக்க வேண்டும் என்பதே இத்துறையின் ஒழுக்கம்.

இப்போது லோயாங்குக்குத் திரும்புவோம். வணிக விமான எஞ்சின் உறுப்புகளை உலோக அடுக்கு முறையில் செப்பனிட ஒப்புதல் பெற்ற உலகின் முதல் பராமரிப்புக்கூடம் தன் லோயாங் கூடமே என்று 2022இல் ஜி.இ. அறிவித்தது. அங்கே சிஎஃப்6 எஞ்சினின் அமுக்கித் தகடுகளைச் செப்பனிட இம்முறை முதலில் பயன்பட்டது. வேகமாகச் சுழலும் தகடுகளின் முனை நாளடைவில் தேயும். முன்பு தேய்ந்த பகுதியை வெட்டி, கையால் பற்றவைத்து, அரைத்து வடிவுக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது ஒவ்வொரு பழைய தகட்டின் வடிவத்தையும் படமெடுத்து மென்பொருள் கணிக்கிறது. தேய்ந்த முனைமேல் உலோகம் படலம் படலமாக வளர்க்கப்படுகிறது. உழைத்துத் தேய்ந்த தகடுகளில் இரண்டு ஒன்றுபோல் இரா. அந்த வேறுபாட்டை அறிந்து செய்வதே இப்பணியின் நுட்பம்.

இந்த விளக்கம் முழுவதையும் தமிழில் சொல்ல முடிந்தது. ஆனால் இந்தத் தொழில்நுட்பத்தின் பெயரைச் சொல்லும்போதுதான் தடுமாறுகிறோம். 'முப்பரிமாண அச்சு' என்பது பரவலான வழக்கு. தமிழில் 'அச்சு' என்றால் நூலை அச்சிடுவதும் உண்டு. தேரின் அச்சும் உண்டு. முறுக்கு அச்சு, வெல்ல அச்சு என வார்ப்புருவும் உண்டு. வார்ப்புரு வேண்டாத முறை என்பதுதான் இந்நுட்பத்தின் சிறப்பு. அதற்கே நாம் 'அச்சு' என்று பெயரிட்டால், முதன்முறை கேட்கும் மாணவர் எதிர்மாறாகப் புரிந்துகொள்ளக்கூடும். 'சேர்க்கை உற்பத்தி' என்றால் பள்ளிச் சேர்க்கை நினைவுக்கு வருகிறது. 'கூட்டு உற்பத்தி' என்றாலோ பலர் சேர்ந்து நடத்தும் தொழில் என்றாகிறது. 'அடுக்குருவாக்கம்' என்னும் சொல்லை நாம் முன்மொழிகிறோம். அடுக்கி உருவாக்குதல் என்று வினையாகவும் அது விரியும்; நடப்பதை உள்ளபடி சொல்லும். இதைவிடச் சிறந்த சொல்லை ஆசிரியர்களும் மாணவர்களும் கண்டால் மகிழ்ந்து ஏற்போம். லேசர், எஞ்சின் போன்ற பழகிய சொற்களை விரட்டவும் வேண்டியதில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கலைச்சொல் பட்டியலை மாணவர் கையில் கொடுப்பதற்குமுன், செய்முறையை அவர்களே தமிழில் விளக்கச் சொல்லுங்கள். பரப்புதல், உருக்குதல், உறைதல், அடுக்குதல் என வேண்டிய வினைச்சொற்கள் அவர்களிடம் முன்பே இருக்கின்றன. வினைகளைச் சரியாக அடுக்கத் தெரிந்தவருக்குப் பெயர்ச்சொல் தானே வந்து சேரும். அறிவியலை ஆங்கிலத்தில் பயிலும் நம் பிள்ளைகள், தாம் கற்றதைத் தமிழில் ஒரு முறையேனும் சொல்லிப் பார்க்காவிட்டால், தமிழ் வீட்டுப் பேச்சுக்கும் தேர்வுக்கும் மட்டுமே உரிய மொழியாகச் சுருங்கிவிடும். அவர்களது உழைப்பின் பெரும்பகுதி வீட்டாருக்கு என்றும் புரியாமலே போகும்.

லோயாங்கிலிருந்து வீடு திரும்பும் இளைஞர் இனி இப்படிச் சொல்லலாம்: "தேய்ந்துபோன தகட்டுக்கு மேல இரும்பு மாவு மாதிரி ஒரு தூளை மெல்லிசாப் பரப்பி, வெளிச்சத்தால உருக்கி, அடுக்கடுக்கா வளர்க்கிறோம் பாட்டி. அந்தத் தகடு மறுபடியும் விமானத்துல பறக்கும்."

பாட்டிக்குப் புரியும். ஒருவேளை, "சரியா ஒட்டுமா? உடையாதா?" என்றும் கேட்பார். பொறியாளர்கள் நாள்தோறும் தம்மையே கேட்டுக்கொள்ளும் கேள்வியும் அதுதான். அந்த உரையாடல் நம் இல்லங்களில் தமிழில் நிகழட்டும்.