செஞ்சியின் நான்காவது குன்று
(சிதம்பரத்தில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் கடலூர்க்காரன். 1993 வரை செஞ்சியும் எங்கள் தென்னார்க்காடு மாவட்டம்தான். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்தியப் படைத்தளங்கள் என்று 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் மகாராட்டிரத்துக்கு வெளியே இருக்கும் ஒரே கோட்டை செஞ்சி. மகிழ்ச்சிதான். ஆனால் அது யாருடைய பாரம்பரியம்?

ஆனந்தக்கோன் தொடங்கினார் என்பது மரபு. பிறகு நாயக்கர், பீஜப்பூர் சுல்தான், 1677இல் சிவாஜி, 1698இல் முகலாயர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். கொடிகள் மாறின. கல் சுமந்தவர்களின் நிலை மாறியதா?

இந்தச் சிதம்பரத்துக்கும் செஞ்சிக்கும் தொடர்பு உண்டு. செஞ்சி கிருஷ்ணப்ப நாயக்கர் இங்கே கோவிந்தராசப் பெருமாள் கோயில் திருப்பணியைத் தொடங்கியபோது, தீட்சிதர்கள் எதிர்த்துக் கோபுரத்திலிருந்து குதித்து உயிர்விட்டார்கள். 1597இல் வந்த ஏசு சபைப் பாதிரியார் பிமெண்டா இதை எழுதியிருக்கிறார். பெருமாளுக்கு எவ்வளவு இடம், சிவனுக்கு எவ்வளவு இடம் என்று சண்டை. நந்தனின் மக்களுக்கு எவ்வளவு இடம் என்று இரு தரப்பும் கேட்கவில்லை.

கடலூர்க் கதையும் அப்படித்தான். 1690இல் தேவனாம்பட்டினம் கோட்டையைச் செஞ்சியிலிருந்த ராஜாராமிடம் ஆங்கிலேயர் விலைக்கு வாங்கினார்கள். எல்லை எது? பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம். அதற்குள் அடங்கிய ஊர்கள் குண்டு கிராமங்கள் ஆயின. ஊரோடு மக்களும் கைமாறினார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

செஞ்சி என்றால் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளைச் சொல்வார்கள். நான்காவதாக ஒரு சிறு குன்று உண்டு. அதன் பெயர் சக்கிலிதுர்க்கம். ராஜகிரிக்குப் படிக்கட்டு உண்டு, கூட்டம் உண்டு. இந்தக் குன்றில் முள்ளும் கல்லும்தான்.

சேணம் இல்லாமல் குதிரைப்படை இல்லை. தோல் இல்லாமல் சேணமும் இல்லை, கடிவாள வாரும் இல்லை, போர்முரசும் இல்லை. தோலைப் பதப்படுத்திய கைகளைத் தீட்டு என்று ஒதுக்கிவிட்டு, அந்தத் தோலின் மேல் ஏறி உட்கார்ந்தவரை வீரர் என்றது இந்தச் சமூகம்.

அந்தப் பெயர் இன்றும் வசைச் சொல்லாகப் பயன்படுகிறது. அதை மாற்றலாமா, வைத்திருக்கலாமா என்பதை அருந்ததியர் மக்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் பெயரோடு சேர்த்துக் குன்றையும் வரைபடத்திலிருந்து நீக்கிவிடுவது தீர்வாகாது. அங்கே பாதை போடுங்கள். உழைத்தவர்களின் வரலாற்றைச் சொல்லும் பலகை வையுங்கள் என்று தொல்லியல் துறையிடம் கேட்போம்.

அடுத்த முறை செஞ்சிக்குப் போனால், ராஜகிரி உச்சியில் செல்ஃபி எடுங்கள், தவறில்லை. இறங்கி வந்ததும் நான்காவது குன்று எங்கே என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.