வீட்டு வாசலில் கட்சிக் கொடி



பொதுத் தேர்தல் வந்துவிட்டால், பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையின் விளக்குக் கம்பங்கள் முதல் கிள்ளான் வட்டாரத் தோட்ட லயங்களின் வேலிகள் வரை கொடிகள் பறக்கக் காண்கிறோம். எழுத்தறியாத நம் முன்னோர் பலர் சின்னத்தைக் கொண்டே கட்சியை இனங்கண்டனர். கூட்டணியின் பாய்மரக் கப்பலையும், 1974ஆம் ஆண்டுத் தேர்தலில் வந்த தேசிய முன்னணியின் தராசையும் நினைவிற்கொண்ட பெரியோர் இன்றும் உளர். ஆதலின் கொடி கட்டுதலை நாம் குறை கூறவில்லை. அதற்கும் சட்டம் உண்டு என்றே கூற வந்தோம்.

1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டப்படி, சுவரொட்டியில் அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகியோரின் பெயரும் முகவரியும் இருத்தல் வேண்டும். பிரச்சாரப் பொருள்களுக்கென வேட்பாளர் நாடாளுமன்றத் தொகுதிக்கு 5,000 வெள்ளியும், சட்டமன்றத் தொகுதிக்கு 3,000 வெள்ளியும் வைப்புத்தொகை கட்டுகிறார். வாக்களிப்புக்குப் பின் 14 நாள்களுக்குள் யாவற்றையும் அகற்றினால் அப்பணம் திரும்பக் கிடைக்கும். கட்டும்போதுள்ள சுறுசுறுப்பு அவிழ்க்கும்போது எல்லாரிடமும் இருப்பதில்லை என்பதற்குக் கால்வாயில் கிடக்கும் பதாகைகளே சான்று.

"கேட்காமலே என் வாசலில் கொடி நட்டுவிட்டார்களே, பிடுங்கினால் குற்றமா?" என வினவுவோர் உண்டு. தனியார் இடத்தில் உரியவர் இசைவின்றி எதுவும் கட்டலாகாது. லயத்து வீடு நிர்வாகத்திற்கு உரியதாதலால், குடியிருப்பவரோடு நிர்வாகத்தையும் கேட்டாக வேண்டும். ஆயினும் ஆத்திரத்தில் கிழித்தெறியாதீர்கள். பிறர் பொருளைச் சேதப்படுத்துவது தண்டனைச் சட்டத்தின்கீழ்க் குற்றமாகும். கட்சியினரிடம் சொல்லி எடுக்கச் செய்யுங்கள். அவர்கள் செவிசாய்க்காவிடில் தேர்தல் பிரச்சார அமலாக்கக் குழுவிடம் முறையிடலாம். அக்குழுவில் தேர்தல் ஆணையம், காவல்துறை, ஊராட்சி மன்றம் ஆகியவற்றின் அதிகாரிகளுடன் வேட்பாளர்களின் பிரதிநிதிகளும் இருப்பர்.

கொடி இல்லாத வீட்டைக் குறித்து வைத்துக்கொள்வார்களோ என்று அஞ்சி, மனமின்றி இடங்கொடுப்போரும் நம்மிடையே உளர். அவ்வச்சம் வேண்டா. வாசலில் எக்கொடி பறந்தாலும் வாக்கு இரகசியமே. வாக்குச் சீட்டில் நீங்கள் இட்ட குறியைக் கங்காணியும் அறியார், கட்சிக்காரரும் அறியார். 2021 டிசம்பர் முதல் 18 வயதிலேயே வாக்காளராகிவிடும் நம் பிள்ளைகளுக்கும் இதனைச் சொல்லி வையுங்கள்.

வாக்களிப்பு நாளன்று வாக்களிப்பு நிலையத்திற்கு 50 மீட்டருக்குள் வாக்குக் கேட்டல் குற்றமாகும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியே நிலையமாக அமைந்தாலும் விதி இதுவே. கட்சிச் சின்னம் பொறித்த சட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டு, அடையாள அட்டையை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.