மலை இறங்கும் மின்கார்



2024 டிசம்பரில் நம் நாட்டுப் புரோட்டோன் நிறுவனமும் மின்காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் மலைப்பாதைக்கு அது ஒத்துவருமா?

ரிங்லெட் அணை நீர் கீழே பாய்ந்து சக்கரத்தைச் சுழற்ற, மின்சாரம் பிறப்பதை நாம் அறிவோம். மின்காரும் அப்படித்தான். மேட்டில் ஏறும்போது பேட்டரியின் மின்சாரம் மோட்டாரைச் சுழற்றுகிறது. பேட்டரி வேகமாகக் குறைகிறது. இறங்கும்போதோ சக்கரங்கள் மோட்டாரைச் சுழற்றுகின்றன. அப்போது மோட்டாரே மின்சாரம் உண்டாக்கி, செலவானதில் ஒரு பங்கைப் பேட்டரிக்குத் திருப்பித் தருகிறது. காரின் வேகமும் மட்டுப்படும். பிரேக் அதிகம் சூடேறாது. பெட்ரோல் எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் காரிலும் இதே முறைதான்.

ஆனால் நிறைந்த குடத்தில் நீர் கொள்ளாது. தானா ராத்தாவில் பேட்டரியை முழுக்க நிரப்பிக்கொண்டு தாப்பாவுக்கு இறங்கினால், திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடமிருக்காது. பாரமெல்லாம் பிரேக்கின் மேல் விழும். ஆகவே சற்று இடம் விட்டே நிரப்புவோம்.

வீட்டில் மின்னேற்றப் பல மணி நேரம் பிடிக்கும். பழைய லயத்து வீட்டுக் கம்பிகள் அதைத் தாங்குமா என்று மின்பணியாளர் பார்த்துச் சொன்ன பிறகே தொடங்குவோம். காரைவிட வீடு பெரிதல்லவா?