முனை மழுங்கிய தூண்டில் முள்
(குன்றத்தூர் வட்டாரத்தில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



சாலை, குடிநீர், தெருவிளக்கு என்று பெரிய காரியங்களைப் பேசிவிட்டோம். கலைந்து செல்லுமுன் மிகச் சிறிய விஷயமொன்றைக் குறித்துச் சில நிமிடங்கள் பேச விரும்புகிறோம். அது தூண்டில் முள்ளைப் பற்றியது. சிலர் சிரிப்பது தெரிகிறது, சிரிக்கட்டும்.

நமது வட்டாரம் ஏரிகளின் வட்டாரம். மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி பரந்து கிடக்கிறது. அதன் உபரி நீர் நம் ஊர்களின் வழியே அடையாற்றில் சேருகிறது. நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள சிற்றேரிகள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பில் உள்ளவை. மீன்பாசிக் குத்தகையால் வரும் வருமானம் எவ்வளவு என்பதை இங்குள்ள உறுப்பினர்கள் நன்கறிவர். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் ஏரி, கோடையில் வற்றத் தொடங்கும்போது வலை இறங்குகிறது. வலைக்கு எட்டாத புதர்களிலும் கரையோரக் கோரையிலும் தங்கும் விராலையும் கெளுத்தியையும் பிடிப்பது தூண்டில்தான். குத்தகைதாரரின் இசைவோடு, வயலில் வேலையில்லாத நாட்களில் தூண்டில் போட்டுக் குடும்பத்திற்குக் குழம்பு தேடுவோர் நம்மிடையே பலர். நமது பேச்சு அவர்களுக்கானது.

மீன் கொத்துகிறது, மிதப்பு அமிழ்கிறது, இழுத்தால் வெறும் முள் வருகிறது. இது நடந்ததும் நாம் மண்புழுவைக் குறை கூறுகிறோம். இடத்தைக் குறை கூறுகிறோம். உடன் வந்தவர் பேசியதால் மீன் ஓடிற்று என்கிறோம். முள்ளின் நுனியை எடுத்துப் பார்ப்பவர் சிலரே. விராலின் வாய் எலும்பு மிகுந்தது. கூர்மையான முனை சிறு இழுப்பிலேயே உள்ளே இறங்கிப் பற்றும். மழுங்கிய முனை எலும்பின்மேல் வழுக்கி வந்துவிடும், அல்லது உதட்டைக் கிழித்துக்கொண்டு வரும். தப்பிய மீனும் காயத்தோடு போகிறது. நமக்கும் பயனில்லை, ஏரிக்கும் பயனில்லை.

முனை ஏன் மழுங்குகிறது? ஏரியின் அடியில் கல் உண்டு; நீர்ப்பிடிப்பில் வளர்ந்த கருவேல மரங்களின் கட்டைகள் உண்டு. முள் அவற்றில் உரசுகிறது. நனைந்த முள்ளைத் துடைக்காமல் டப்பாவில் போட்டால் துரு முதலில் தின்பது மெல்லிய நுனியைத்தான். ஆனால் கெட்டது மயிரிழை அளவு நுனி மட்டுமே. வளைவும் தண்டும் எதிர்முள்ளும் புதிதாகவே இருக்கின்றன. நுனிக்காக முழு முள்ளையும் எறிவது, கொழு தேய்ந்ததற்காக ஏரையே எறிவது போன்றது.

சோதிக்கும் முறை எளிது. முள்ளின் நுனியைக் கட்டைவிரல் நகத்தின்மேல் அழுத்தாமல் வைத்து மெல்ல இழுத்துப் பாருங்கள். நகத்தில் பதிந்து நின்றால் முனை நன்று. வழுக்கிச் சென்றால் தீட்ட வேண்டும். காலையில் கட்டுமுன் ஒருமுறையும், கல்லிலோ கட்டையிலோ மாட்டி விடுவித்தபின் ஒருமுறையும் இதைச் செய்தால் போதும்.

தீட்டுவதற்கு நெருக்கமான பல்லுள்ள சிறிய அரம் ஒன்று வேண்டும். மிகச் சிறிய முள்ளுக்கு வழவழப்பான சாணைக்கல் துண்டு மேல். அதுவும் இல்லையெனில் மரச்சட்டத்தில் ஒட்டிய உப்புத்தாள். முள்ளின் தண்டைக் குறட்டால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். விரலால் பிடித்துத் தீட்டுவோர் கையில் இரத்தம் பார்க்காமல் எழுவதில்லை. நுனியின் இரு பக்கங்களிலும் மும்மூன்று இழுப்பு, பின்பு முதுகுப்புறத்தில் இரண்டு இழுப்பு. இவ்வாறு மூன்று முகங்கள் கூடும் இடத்தில் முனை பிறக்கும். அரத்தை முன்னும் பின்னும் இரம்பம்போல் இழுக்கலாகாது. ஒரே திசையில் மெதுவாகச் செல்லவேண்டும். எதிர்முள்ளைத் தொடவே வேண்டாம். ஊசிபோல் நீளமாக மெலிய வைப்பதும் தவறு; அத்தகைய முனை முதல் எலும்பிலேயே மடங்கிவிடும்.

ஓர் எச்சரிக்கை. நேரம் மிச்சம் என்று கருதிச் சாணைச் சக்கரத்தில் பிடிக்காதீர்கள். சுழலும் கல்லின் சூட்டில் நுனி நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் இறங்கிப் போய்விட்டது என்று பொருள். பின்னர் எவ்வளவு தீட்டினாலும் முனை நில்லாது. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஆலைகளில் பணிபுரியும் நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். விலையுயர்ந்த துரப்பண முனைகளும் வெட்டு உளிகளும் மழுங்கியவுடன் எறியப்படுவதில்லை. சூடேறாமல் திரவம் பாய்ச்சி மீண்டும் தீட்டப்படுகின்றன. அங்கே முறையாக நடக்கும் காரியம் நம் ஏரிக்கரையில் மட்டும் ஏன் அற்பமாகத் தோன்ற வேண்டும்?

தீட்டியபின் வேறொரு குறை வரும், அதை மறைப்பதற்கில்லை. முள்ளின்மேல் இருந்த பூச்சு அரம் பட்ட இடத்தில் போய்விடுகிறது; அங்கே துரு விரைவில் ஏறும். ஆகவே தீட்டிய முள்ளை அன்றைய வேலை முடிந்ததும் நல்ல நீரில் அலசித் துடைத்து, ஒரு துளி தேங்காயெண்ணெய் தொட்டு, தக்கையிலோ இரப்பர்த் துண்டிலோ குத்தி வையுங்கள்.

எல்லா முள்ளும் தீட்டத் தக்கதன்று. வளைவு விரிந்த முள், துருவால் குழி விழுந்த முள், எதிர்முள் உடைந்த முள், முன்பே பலமுறை தீட்டி முனை எதிர்முள்ளை நெருங்கிவிட்ட முள் ஆகியவற்றைக் கழித்துவிட வேண்டும். விரிந்த வளைவைக் குறட்டால் நெருக்கி மீண்டும் கட்டுவோர் உண்டு. பெரிய மீன் மாட்டும் நேரத்தில்தான் அது முறியும்.

“சில ரூபாய் முள்ளுக்கு இவ்வளவு பாடா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நட்டத்தை முள்ளின் விலையைக் கொண்டு கணக்கிடலாகாது. வெயிலில் குந்திய அரைநாளும், கைக்கு வந்து நழுவிய விராலுமே நட்டம். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதி மீனவர்கள் சுறா தேடி ஆழ்கடலுக்குத் தூண்டிலோடு செல்பவர்கள். முனை மழுங்கினால் புதிது வாங்க நடுக்கடலில் கடை ஏது? நம் கரையிலிருந்தும், மாலை மங்கும் வேளையில் கடை தொலைவுதான்.

எறியப்பட்ட முள்ளைப் பற்றி உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. துணி துவைக்கும் துறையிலும் மாடு நீரருந்தும் இடத்திலும் நரம்போடு கிடக்கும் பழைய முள், குழந்தையின் காலில் ஏறினால் எதிர்முள் காரணமாக வெளியே வராது. அதைப் பிடுங்க முயலாமல் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். எடுத்தபின் தடுப்பூசி தேவையா என்பதை மருத்துவர் கூறுவார். நரம்பு கொக்கு, நாரைகளின் காலைச் சுற்றி அவற்றையும் கொல்கிறது. இவ்வாண்டு மீன்பாசி ஏலம் விடும் ஊராட்சிகள், கலங்கல் அருகே மூடியுள்ள தகர டப்பா ஒன்றைக் கட்டிவைக்கத் தீர்மானம் எழுதலாம். செலவு மிகச் சொற்பம். நிரம்பிய டப்பா பழைய இரும்புக் கடைக்குப் போகட்டும்.

அடுத்த கூட்டத்திற்கு வரும்போது வீட்டிலுள்ள பழைய முட்களைக் கொண்டு வாருங்கள். இரண்டு அரமும் ஒரு கல்லும் குறடும் மேசைமேல் இருக்கும். கருக்கரிவாள் பல் தேய்ந்திருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். பல் வெட்டத் தெரிந்த கொல்லர் ஒருவரையும் வரச் சொல்லியிருக்கிறோம்.