ஒளி பட்டால்தான் உருவம் தெரியும்



எல்லாப் புகழும் வல்ல அல்லாஹ்வுக்கே. கண்ணைக் கொடுத்த அவனே, அது காண்பதற்கு ஒளியையும் படைத்தான். பார்வை எவ்வளவு கூர்மையாக இருப்பினும், ஒளி சிறிதுமற்ற அறையில் நம் கையையே நம்மால் காண இயலாது. ஏன்?

கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுவதால்தான் பார்வை உண்டாகிறது என்று கிரேக்க அறிஞர்களான யூக்ளிடும் தாலமியும் கருதினர். பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம் (ரஹ்) அவர்கள், 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் நூலில் இதை மறுத்தார்கள். கடுமையான ஒளியைப் பார்த்தால் கண் வலிக்கிறது. அப்படியென்றால் ஒளி வெளியிலிருந்தன்றோ கண்ணை வந்தடைகிறது!

பொருள்கள் இரு வகையின. சூரியனும் விளக்கும் தாமே ஒளியை வெளிவிடுபவை. கல்லும் மரமும் மனிதனும், தம்மீது விழும் ஒளியைத் திருப்பி அனுப்புவதாலேயே தென்படுகின்றனர். சந்திரனும் இவ்வகையே. தன்மீது விழும் சூரிய ஒளியில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கையே அது திருப்பித் தருகிறது. திருக்குர்ஆனின் யூனுஸ் அத்தியாயம் 5ஆம் வசனம், சூரியனுக்கு ‘ளியா’ என்றும் சந்திரனுக்கு ‘நூர்’ என்றும் வெவ்வேறு சொற்களை ஆள்வதைச் சிந்தியுங்கள்.

சகோதரர்களே! இதில் நம் உயிரோடு தொடர்புடைய பாடமும் உண்டு. ஸுப்ஹு தொழுகைக்கு இருட்டில் சாலையோரம் நடந்து வருகிறீர்கள். வாகனத்தின் வெளிச்சம் நமக்குத் தெரிவதால், ஓட்டுநருக்கும் நம்மைத் தெரியும் என்று எண்ணிவிடுகிறோம். அது தவறு. அவருடைய விளக்கொளி நம்மீது பட்டு, அவர் கண்ணுக்குத் திரும்பிச் சென்றால்தான் அவர் நம்மைக் காண்பார். கருநிற ஆடை அவ்வொளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். வெண்ணிற ஆடை பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரே விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடுகிறது. அந்த ஒரு விநாடி ஓர் உயிரின் விலையாகலாம்.

ஆகவே, இருட்டில் வெளியே செல்வோர் வெளிர்நிற ஆடை அணியுங்கள். கையில் டார்ச் விளக்கு வைத்துக்கொள்ளுங்கள். கருநிறப் பர்தா அணியும் பெண்களின் கைப்பையிலும், பிள்ளைகளின் சைக்கிளிலும் ஒளியைத் திருப்பியனுப்பும் பட்டையை ஒட்டுங்கள். விளக்கு வந்த வழியிலேயே ஒளியைத் திருப்பும் தன்மை அதற்குண்டு.

பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். அறியாமையும் ஓர் இடையூறே. அதை நம் மஹல்லாவிலிருந்து அகற்ற வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.