புறங்காட்டி வெல்லுதல்

பகைவனுக்குப் புறமுதுகு காட்டுவதைப் பெரும் பழியாகக் கருதியவர் பழந்தமிழர். முகத்திலும் மார்பிலும் பட்ட புண்ணையே விழுப்புண் என்று போற்றினர். அம்மரபில் வந்த நமக்கு, எதிரியின் முன் முதுகைத் திருப்பி வெல்லும் முறை ஒன்று உண்டென்றால் வியப்பாகவே இருக்கும். கராத்தே, டேக்வாண்டோ ஆகிய கலைகளில் பயிற்றப்படும் சுழல் பின்னுதையே அது.

இடக்காலை முன்வைத்து நிற்பவர், அக்காலின் முன்பாதத்தை ஊன்றி வலப்புறமாகத் திரும்புகிறார். உடல் முழுதும் திரும்புமுன் தலை திரும்பி, வலத்தோளின் மேலாக எதிரியைக் கண்டுகொள்ள வேண்டும். பிறகு வலக்கால் மடங்கி, ஊன்றிய காலை உரசுவதுபோல் சென்று, குதிகால் முன்னாக நேரே பாய வேண்டும். தோள் மிகையாகச் சுழன்றால் கால் வளைந்து வீசும். விசையும் குன்றும், குறியும் தப்பும்.

அசையாது நிற்பவன்மேல் இவ்வுதை எளிதிற் பலிப்பதில்லை. அவன் திருப்பத்தைக் கண்டு விலகிவிடுவான். அவன் தாக்க முன்னேறும் நொடியே தக்க காலம். அவனது வேகமும் நம் உதைக்கு வலுவாகிறது. மிக நெருங்கிவிட்டாலோ கால் நீள இடமிராது. முதுகு காட்டும் இடர் பெரிதாகையால், 2018 இல் நடைமுறைக்கு வந்த டேக்வாண்டோ விதிகள், உடற்கவசத்தில் படும் சாதாரண உதைக்கு 2 புள்ளிகளும், சுழன்று உதைப்பதற்கு 4 புள்ளிகளும் அளித்தன.

மட்டாஞ்சேரியில் வாழும் தமிழருக்குக் களரிப்பயிற்று அயலானதன்று. 42 அடி நீளமும் 21 அடி அகலமுமாக, நிலமட்டத்திற்குக் கீழே தோண்டப்பட்ட களத்தில், ஆசானின் வாய்த்தாரிக்கு இசைய மாணவர் காலெடுப்புப் பயில்வர். 'திரிச்சுகால்' அவற்றுள் ஒன்று. அது குதிகாலால் பின்னே உதைப்பதன்று. காலை வீசித் திரும்புவது. ஆயினும் ஒற்றைக்காலில் உடலைத் திருப்பியும் தடுமாறாத நிலைபேற்றை அது தருகிறது. 'மெய் கண்ணாக வேண்டும்' என்பது களரியாரின் முதுமொழி. மலையாளத்திலும் தமிழிலும் மெய் என்பது ஒரே சொல், பொருளும் உடலே.

பயிற்சியில் எதிரே நிற்பவன் பகைவனல்லன், தோழன். காணாது பாய்ந்த குதிகால் அவன் விலா எலும்பை முறித்துவிடக்கூடும். ஆதலால் முதலில் மெதுவாகத் திரும்பிப் பழகி, பின்னர் மெத்தைப் பலகையில் உதைத்து, இறுதியிலேயே கவசம் அணிந்த தோழனுடன் பொருத வேண்டும். பிள்ளைகளை இக்கலைக்கு அனுப்பும் பெற்றோர், "எவ்வளவு வேகமாக உதைத்தாய்?" என்று கேட்பதைவிட, "உதைக்குமுன் பார்த்தாயா?" என்று கேட்பார்களாக.