மயில்கழுத்துக்கு என்ன நம்பர்?

தலைப்பு: புடவைக்கு நிறம் தேர்ந்தெடுக்க வல்லது கணினியே! கண்ணே!
அணி: கண்ணே!



எனக்கு முன்னால் பேசிய அம்மையார், "செல்போனில் ஒரு நிறத்தைக் காட்டினால் போதும், அதே நிறத்தில் நூறு புடவை வந்து நிற்கும்" என்றார்கள். நூறையும் காட்டிவிட்டால் எங்க வீட்டம்மா என்றைக்குப் பார்த்து முடிப்பது? (சிரிப்பு)

அது எப்படித் தேடுது? திரையில் சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு ஒளி. பெரும்பாலான திரைகளில் ஒவ்வொன்றுக்கும் 256 படி. பெருக்கிப் பாருங்கள், 1,67,77,216 நிறம்! நீங்கள் காட்டிய நிறத்தை மூணு எண்ணாக்கும். எந்தப் புடவையின் எண் அதற்குக் கிட்டே வருதோ, அதைக் கொண்டுவந்து காட்டும். ரவிக்கைக்கு ஜோடி பார்க்க நல்ல வேலைதான். மறுக்கலை.

ஆனா ஒரு கேள்வி. மயில்கழுத்துக்கு என்ன நம்பர்? தறியில் பாவு நீலம், ஊடை பச்சை. நேரே பார்த்தா நீலம்; சாய்ச்சுப் பிடிச்சா பச்சை; கட்டிக்கிட்டு நடந்தா ரெண்டும் ஓடும். எதை எண்ணுவீங்க?

2015-இல் ஓர் உடையின் படம் உலகத்தையே சுற்றியது. நீலமும் கறுப்பும் என்றனர் சிலர். வெள்ளையும் தங்கமும் என்றனர் சிலர். ஒரே வீட்டுக்குள்ளேயே ரெண்டு கட்சி! (சிரிப்பு) உண்மையில் அது நீலமும் கறுப்பும்தான். படம் ஒன்று, எண் ஒன்று. பார்த்த கண் வேறு.

இதையெல்லாம்கூட விடுங்கள். என் வழக்கு வேறே. கணினி தேடித் தர்றதோடு நிக்கலை, சிபாரிசும் பண்ணுது. எதை வெச்சு? பெரும்பாலும் நேற்று நீங்கள் பார்த்ததையும் வாங்கியதையும் வெச்சு. கணவரை இழந்த ஒரு தாய் பத்து வருஷமா வெளிர் நிறமே வாங்குறாங்கன்னு வையுங்க. அது என்ன செய்யும்? "உங்களுக்குப் பிடித்த நிறம்" என்று அதையே மறுபடி நீட்டும். ஐயா, பிடிச்சா கட்டினாங்க? ஊர் என்ன பேசுமோன்னு பயந்து கட்டினாங்க! கூட வந்த மக, "அம்மா, இந்த வாடாமல்லியை ஒரு தடவை தோள்ல போட்டுப் பாரேன்"னு எடுத்துக் கொடுப்பா. அந்த வாடாமல்லி பழைய கணக்கில் எங்கே இருக்கு? (பலத்த கைதட்டல்)

பழந்தமிழில் "நிறம்" என்ற சொல்லுக்கு மார்பு என்றும் பொருள் உண்டு. நிறத்துக்கு நம்பர் கொடுக்கலாம். நெஞ்சுக்குள்ளே பூட்டி வெச்ச ஆசைக்கு நம்பர் கிடையாது. அதைக் கண்டுபிடிப்பது பெற்ற பிள்ளையின் கண்தான். ஆகவே நடுவர் அவர்களே, "கண்ணே" என்று தீர்ப்பு வழங்குங்கள்.